வாயில்லா ஜீவனின் மூச்சு

2025-ம் வருஷம் மே மாத ஆரம்பத்தில், கேதார்நாத் யாத்திரை தொடங்கிய சில தினங்களுக்குள்ளாகவே, அம்மலைப் பாதையில் இரண்டே நாட்களில் 14 குதிரைகளும் கோவேறு கழுதைகளும் மாண்டன. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே ருத்ரபிரயாகை ஜில்லாவின் சில கிராமங்களில் குதிரை இன்புளூயன்ஸா தென்பட்டிருந்தபடியால், அதிகாரிகள் பிராணிகளின் போக்குவரத்தைச் சட்டென நிறுத்தினார்கள். யாத்ரிகர்கள் தவித்தனர், பத்திரிகைகளில் பெரிய எழுத்துக்களில் செய்தி வந்தது. இரண்டொரு வாரத்தில் எல்லோரும் அதை மறந்துவிட்டனர். மறக்காதவன் ஒருவன் உண்டு. தன் ஒரே மட்டக் குதிரையை நம்பி ஆறு மாத காலம் சம்பாதித்து, மற்ற ஆறு மாத காலம் குடும்பத்தைக் காப்பாற்றும் அந்தக் குதிரைக்காரன்தான் அவன்.

அச்சமயம் நடந்த ஒரு விஷயத்தை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். யாத்திரைக்கு முன் ஆயிரக்கணக்கான பிராணிகளின் ரத்தம் பரிசோதிக்கப்பட்டது. முதல் பரீட்சையில் சில பிராணிகளுக்கு நோயின் அடையாளம் இருப்பதாகத் தெரிந்தது. அவற்றையே மறுபடியும் வேறு முறையில் சோதித்தபோது கிருமி இல்லை என்று முடிவு வந்தது. இதைக் கேட்ட பாமர ஜனங்கள், "ஒருவர் உண்டென்கிறார், ஒருவர் இல்லையென்கிறார், இந்த வைத்தியர்களை எப்படி நம்புவது?" என்று முணுமுணுத்தால் அதில் ஆச்சரியமில்லை. ஆனால் இரண்டு முடிவுகளும் உண்மையாகவே இருக்கக்கூடும். முதல் பரீட்சை, அக்கிருமியுடன் உடல் என்றேனும் போராடியதுண்டா என்று கேட்கிறது. இரண்டாவது, கிருமி இன்று மூக்கில் இருக்கிறதா என்று கேட்கிறது. கேள்வி வேறு, ஆகவே பதிலும் வேறு. இந்த வித்தியாசத்தைக் குதிரைக்காரனுக்கு அவன் பாஷையில் எடுத்துச் சொல்ல ஆள் இல்லை என்பதே நமது குறை.

குதிரையின் சுவாச நோய்களைப் பற்றி ஒரு தினசரியின் தலையங்கப் பக்கத்தில் எழுதுவானேன் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். 2012-ம் வருஷத்துக் கால்நடைக் கணக்கெடுப்பில் குதிரை, மட்டக் குதிரை, கழுதை, கோவேறு கழுதை எல்லாம் சேர்ந்து நம் தேசத்தில் சுமார் 11 லட்சம் இருந்தன. 2019-ல் அத்தொகை சுமார் ஐந்தரை லட்சமாகச் சுருங்கிவிட்டது. ஏழே வருஷத்தில் பாதி போயிற்று! மோட்டார் வந்ததே பெருங்காரணம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் மிஞ்சியிருப்பவை யாருடையவை? பந்தயக் குதிரைகளும் ராணுவக் குதிரைகளும் அவற்றில் சிறு பகுதியே. பெரும் பகுதி செங்கற் சூளையிலும், மலைப் பாதையிலும், கல்யாண ஊர்வலத்திலும், கடற்கரைச் சவாரியிலும் உழைத்து எஜமானனுக்குச் சோறு போடுபவை. பந்தயக் குதிரைக்கு வீட்டு வாசலில் வைத்தியர் உண்டு. சூளைக் கழுதைக்கு யார் உண்டு?

இனி விஷயத்துக்கு வருவோம். குதிரையை வாயில்லா ஜீவன் என்கிறோம். சுவாச விஷயத்தில் அது முற்றும் பொருந்தும். மனிதனைப் போலவோ நாயைப் போலவோ குதிரையால் வாயால் மூச்சு விட முடியாது. அதன் மெல்லண்ணம் நீண்டு, குரல்வளையைச் சுற்றிக் கச்சிதமாக மூடிக்கொண்டிருக்கிறது. காற்றுக்கு மூக்கைத் தவிர வேறு வழியில்லை. மூக்கு அடைத்தால் அடைத்ததுதான். அன்றியும், நாலு கால் பாய்ச்சலில் ஓடும்போது ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு என்று கணக்காக இழுத்து விடும் பிராணி அது. மூச்சு கெட்ட குதிரையின் ஓட்டம் கெடுவது இதனால்தான். பல சமயங்களில் இருமலுக்கும் முன்பாக எஜமானன் காணும் முதல் அறிகுறி, "முன்போல் ஏற மாட்டேன் என்கிறது" என்பதே. அதைச் சோம்பல் என்று எண்ணிச் சாட்டையை எடுப்பவர்கள் அநேகர்.

நல்ல வைத்தியன் லாயத்துக்குள் நுழைந்தவுடன் குதிரையைத் தொடுவதில்லை. தூரத்தில் நின்று விலாவைப் பார்க்கிறான். ஓய்வில் நிற்கும் வளர்ந்த குதிரை ஒரு நிமிஷத்துக்கு 8 முதல் 16 தடவை மூச்சு விடும். அந்த அசைவு பார்வைக்கே தெரியாதபடி மெதுவாக இருக்கும். மூக்குத் துவாரங்கள் விரிந்து, வயிறு எக்கி எக்கி, ஒரு மூச்சை வெளியே தள்ள இரண்டு தடவை முயல்வதாகத் தோன்றினால் நோய் மார்புக்குள் இருக்கிறது. மூச்சை உள்ளே இழுக்கும்போது சிரமமும் சத்தமும் இருந்தால் தடை மார்புக்கு மேலே, குரல்வளையிலோ மூக்கிலோ இருக்கிறது. காசு செலவில்லாத இந்த ஒரு பரீட்சையே பாதி வழியைக் காட்டிவிடும்.

அடுத்தது உஷ்ணமானி. குதிரையின் உடல் உஷ்ணம் 99.5 முதல் 101.5 டிகிரி பாரன்ஹீட் வரையில் இருப்பது இயல்பு. ஜுரம் உண்டா இல்லையா என்பது தொற்று நோயையும் தொற்றா நோயையும் பிரித்துக் காட்டும் முதல் வேலி. பிறகு மூக்கு. சளி ஒரு துவாரத்தில் வடிகிறதா, இரண்டிலுமா? நுரையீரலிலிருந்து வரும் சளி சாதாரணமாக இரண்டிலும் வடியும். ஒரே துவாரத்தில் நாற்றத்துடன் சீழ் வந்தால், மேல் கடைவாய்ப் பல்லின் வேர் அழுகி, அதன் மேலுள்ள எலும்பறையில் சீழ் கட்டியிருக்கலாம். அப்போது வேண்டியது பல் வைத்தியம். மாதக் கணக்கில் இருமல் மருந்து புகட்டிக்கொண்டிருப்பது வீண். அதன்பின் தாடைக்கடியிலுள்ள நெறிகளைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். கடைசியாகத்தான் ஸ்டெதாஸ்கோப்.

இந்தக் கடைசிக் கருவியில் ஒரு சங்கடம் உண்டு. குதிரையின் மார்பு பெரியது. அதன் மூச்சோ மெதுவானது. பாதி நுரையீரல் கெட்டிருந்தாலும் காதுக்கு ஒன்றும் கேளாமல் போகக்கூடும். ஆகையால் வைத்தியர்கள் ஒரு தந்திரம் செய்கிறார்கள். ஒரு பெரிய பிளாஸ்டிக் பையை மூக்கைச் சுற்றித் தளர்வாகப் பிடித்து, விட்ட காற்றையே சற்று நேரம் திரும்ப இழுக்கச் செய்தால், குதிரை தானாகவே ஆழ்ந்து மூச்சு வாங்கும். அதுவரை மறைந்திருந்த சீழ்க்கையொலியும் கரகரப்பும் அப்போது வெளிப்படும். ஆரோக்கியமான குதிரை பையை எடுத்ததும் இரண்டொரு மூச்சில் சமாளித்துக்கொள்ளும், நோயுள்ளது இருமும். ஏற்கெனவே மூச்சுக்குத் திணறும் பிராணிக்கு மட்டும் இதைச் செய்யலாகாது. இதற்கு மேல் எண்டோஸ்கோப் என்னும் உள்நோக்கிக் குழாய், மூச்சுக்குழலைக் கழுவி எடுத்த நீரைப் பூதக்கண்ணாடியில் சோதிப்பது, அல்ட்ராசவுண்ட் முதலிய முறைகள் உண்டு. அவை பெரிய ஆஸ்பத்திரிகளில் கிடைக்கின்றன, சூளையடிக்கு வருவதில்லை.

நோய்களில் எல்லாவற்றையும் இங்கே விவரிப்பது சாத்தியமன்று. நம் நாட்டுக்கு முக்கியமானவற்றைச் சொல்வோம்.

இன்புளூயன்ஸா காட்டுத் தீயைப் போன்றது. ஒரு லாயத்தில் இன்று ஒரு குதிரை வறட்டிருமல் இருமினால், மூன்றாம் நாள் அநேகமாக லாயம் முழுவதும் இருமும். உயிர்ச்சேதம் சாதாரணமாகக் குறைவு. வேலைச் சேதமோ அளவற்றது. 1872-ம் வருஷம் கானடாவில் டொராண்டோ நகரத்தருகே தோன்றிய குதிரை ஜுரம் சில மாதங்களில் வட அமெரிக்கா எங்கும் பரவியது. டிராம் வண்டிகள் நின்றன. துறைமுகங்களில் சரக்கு தேங்கியது. அவ்வருஷம் நவம்பர் 9-ந் தேதி பாஸ்டன் நகரில் பெருந் தீ மூண்டபோது, தீயணைக்கும் எஞ்சின்களை மனிதர்களே இழுத்துச் செல்ல நேர்ந்தது. நம் தேசத்தில் இந்நோய் 1987-ல் பெருவாரியாகத் தோன்றியது. மறுபடியும் 2008-ல் ஜம்முவை அடுத்த காத்ராவில், வைஷ்ணவ தேவி யாத்திரைக் குதிரைகளிடையே தலைகாட்டி, அடுத்த வருஷத்திற்குள் பல மாகாணங்களுக்குப் பரவியது. யாத்திரை ஸ்தலந்தோறும் பல ஜில்லாக் குதிரைகள் ஒரே தொட்டியில் தண்ணீர் குடிக்கும் வரையில் இது மீண்டும் மீண்டும் வரும்.

இதற்கு மருந்தைவிட ஓய்வே முக்கியம். ஜுரம் எத்தனை நாள் இருந்ததோ அத்தனை வாரம் ஓய்வு கொடுக்க வேண்டுமென்பது வைத்தியர்களின் கணக்கு. மூன்று நாள் ஜுரத்துக்கு மூன்று வாரம்! யாத்திரைக் காலத்தில் மூன்று வாரக் கூலியை இழக்க எந்த ஏழை சம்மதிப்பான்? அவன் ஜுரம் தணிந்த மறுநாளே சேணம் போடுகிறான். புண்பட்ட மூச்சுக்குழலில் வேறு கிருமிகள் புகுந்து நிமோனியா உண்டாகிறது. இன்புளூயன்ஸாவினால் சாகாத குதிரை அவசரத்தினால் சாகிறது.

ஸ்ட்ராங்கிள்ஸ் என்னும் நோய் பெரும்பாலும் இளங்குதிரைகளைப் பிடிக்கிறது. ஜுரம், கெட்டியான சளி, தாடைக்கடியில் சூடும் வலியுமாக வீங்கிப் பழுத்து உடையும் நெறிக்கட்டி ஆகியவை இதன் லக்ஷணம். பழுத்து உடைந்தால் பெரும்பாலும் பிழைத்துவிடும். இதிலுள்ள வஞ்சகம் வேறிடத்தில் இருக்கிறது. குதிரைக்கு இரு காதுகளுக்கும் கீழே தொண்டைப் பைகள் என்று இரண்டு காற்றறைகள் உண்டு. குணமானதாகத் தோன்றும் சில குதிரைகளின் அப்பைகளில் சீழ் உலர்ந்து உருண்டைகளாகத் தங்கி, மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில், கிருமியைப் பரப்பிக்கொண்டிருக்கும். பார்வைக்குப் பளபளவென்றிருக்கும் அந்தக் குதிரையைச் சந்தையில் வாங்கி வருபவன் நோயையும் சேர்த்தே வாங்குகிறான். புதிதாக வாங்கிய பிராணியை மூன்று வார காலம் தனியே கட்டி வைப்பது இதனால்தான் அவசியமாகிறது. நமது சந்தைகளில் யார் செய்கிறார்கள்?

தொற்றாத நோய்களும் உண்டு. பூஞ்சணம் பிடித்த உலர்ந்த புல்லையும் தூசி மிகுந்த வைக்கோலையும் காற்றோட்டமில்லாத லாயத்தில் போட்டு வளர்த்தால் குதிரைக்கு ஆஸ்த்துமா வருகிறது. ஜுரம் இராது, தீனி தின்னும், ஆனால் இருமலும் இளைப்பும் விடா. மூச்சைத் தள்ளித் தள்ளி வயிற்றின் ஓரத்தில் தசை புடைத்து ஒரு கோடு விழுந்துவிடும். பழைய குதிரைக்காரர்கள் அக்கோட்டைக் கண்டதும் விலையைப் பாதியாகக் குறைப்பார்கள். இதற்கு மாற்றி மாற்றி ஆன்டிபயாடிக் ஊசி போட்டுப் பணத்தைத் தொலைத்தவர்கள் ஏராளம். வேண்டியதோ, புல்லை நனைத்துப் போடுவதும் லாயத்துச் சுவரில் இரண்டு ஜன்னல் வைப்பதுமே. முற்றிய நிலையில் மூச்சுக்குழலைத் தளர்த்தும் மருந்து வேண்டியிருக்கும். தூசியை நீக்காமல் கொடுக்கும் மருந்தோ நெடுநாள் பலிக்காது.

லாரியில் ஏற்றி நெடுந்தூரம் கொண்டுபோகும்போது, தலையைக் குனிய முடியாதபடி உயர்த்திக் கட்டிவிடுகிறார்கள். குதிரை தலையைத் தாழ்த்தினால்தான் மூச்சுக்குழலிலுள்ள அழுக்கு வெளியேறும். நாள் முழுவதும் உயர்த்திக் கட்டினால் கிருமிகள் மார்பில் இறங்கி, நுரையீரலும் அதன் உறையும் சீழ்ப்பிடித்து விடுகின்றன. கயிற்றைச் சில மணி நேரத்துக்கொருமுறை தளர்த்துவதற்கு எந்த ஆராய்ச்சிசாலையும் வேண்டாம்.

ஆப்பிரிக்கக் குதிரைநோய் என்பதை இன்றையத் தலைமுறை அறியாது. கொசுவைவிடச் சிறிய ஒருவகைப் பூச்சியினால் பரவும் அது, 1959 முதல் 1961 வரை மேற்காசியாவிலும் இந்தியாவிலும் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட பிராணிகளைக் கொன்றது. காலையில் தீனி தின்ற குதிரை மாலையில் மூக்கில் நுரை தள்ளி விழும். சிலவற்றுக்குக் கண்ணுக்கு மேலுள்ள குழி வீங்கிப் புடைக்கும். 2020-ல் அது தாய்லாந்தில் தோன்றி நூற்றுக்கணக்கான குதிரைகளைப் பலிகொண்டது. தாய்லாந்து நமக்குத் தூர தேசமன்று.

இவை எல்லாவற்றிலும் கொடியது கிளாண்டர்ஸ். இது மனிதனுக்கும் தொற்றும். தக்க சிகிச்சை இல்லையேல் ஆளைக் கொல்லும். தடுப்பூசி இன்றளவும் கிடையாது. கோவேறு கழுதைக்கும் கழுதைக்கும் வந்தால் ஜுரமும் நிமோனியாவுமாகச் சில வாரங்களில் முடித்துவிடும். குதிரையிலோ மாதக்கணக்கில் மறைந்து வாழும். மூக்கினுள் புண், பசைபோன்ற சளி, ஆறிய இடத்தில் நக்ஷத்திர வடிவான தழும்பு, தாடைக்கடியில் கல்போல் கெட்டித்து எலும்போடு ஒட்டிய நெறி ஆகியவை அடையாளங்கள். ஸ்ட்ராங்கிள்ஸில் நெறி வலிக்கும், பழுக்கும். இதில் வலிக்காது, எளிதில் பழுக்காது. விரல் நுனியில் தெரியும் இந்த ஒரு பேதத்தை அறியாமல் எத்தனையோ பேர் ஏமாந்திருக்கிறார்கள்.

இதன் கிருமியை 1882-ல் லெப்லர், ஷூட்ஸ் என்னும் ஜெர்மானியர் கண்டுபிடித்தனர். அதன் பின்பு ரஷ்ய சாம்ராஜ்யத்தில் ஹெல்மான், கால்னிங் என்பவர்கள் அக்கிருமியிலிருந்து மல்லின் என்னும் சரக்கைத் தயாரித்தார்கள். அதில் பத்தில் ஒரு பங்கு மில்லிலிட்டரைக் கீழ் இமையில் ஊசியால் செலுத்தி 48 மணி நேரம் கழித்துப் பார்த்தால், நோயுள்ள பிராணியின் இமை வீங்கிக் கண் மூடி நீர் வடியும். கால்னிங் தாம் ஆராய்ந்த நோயே தம்மைத் தொற்றி 1891-ல் மாண்டார். முதல் உலக யுத்தத்தில் நேசநாடுகளுக்குப் போகும் குதிரைகளைக் கெடுக்க ஜெர்மானிய ஒற்றர்கள் அமெரிக்காவில் இதே கிருமியை வளர்த்தார்கள். விஞ்ஞானத்தை மனிதன் எதற்கெல்லாம் உபயோகிக்கிறான் பாருங்கள்!

பிரிட்டிஷ் ஆட்சி 1899-ல் கிளாண்டர்ஸ் சட்டத்தை இயற்றியது. இன்ஸ்பெக்டர் எந்த லாயத்திலும் நுழையலாம், பிராணியைப் பிடிக்கலாம், நோய் உறுதியானால் கொல்லலாம். குதிரைப் படையையே தன் பலமாகக் கொண்டிருந்த அந்நிய ஆட்சிக்கு அதன் குதிரைகளைக் காப்பது பெருங் கவலை. ஜட்காக்காரனின் குதிரை போனால் அவன் பிழைப்பு என்னவாகும் என்ற கவலை அதற்கு எவ்வளவு இருந்திருக்கும் என்பதை வாசகர்கள் ஊகிக்கலாம். அச்சட்டம் சுதந்திரத்துக்குப் பின்னும் அறுபது வருஷம் உயிரோடிருந்து, 2009-ம் வருஷத்துக் கால்நடைத் தொற்று நோய்த் தடுப்புச் சட்டத்தினால்தான் நீங்கியது. இதற்கிடையில், அடங்கிவிட்டதாக எண்ணப்பட்ட கிளாண்டர்ஸ் 2006-ல் மகாராஷ்டிரத்தில் மீண்டும் எழுந்து, பின்னர் உத்தரப் பிரதேசம் முதலிய பல மாகாணங்களில் காணப்பட்டது. ஹிஸ்ஸாரிலுள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி நிலையத்தார் பழைய பரீட்சைகளின் குறைகளை நீக்கும் எலைசா என்னும் ரத்தப் பரீட்சையை இங்கேயே உருவாக்கியிருக்கிறார்கள். நம்மவர் திறமைக்கு இது ஓர் அத்தாட்சி. இதை மனமாரப் பாராட்டுகிறோம்.

திறமை நமக்குப் புதிதன்று. சாலிஹோத்திரர் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரமும், நகுலன் பெயரால் வழங்குவதும் நம்மிடம் உண்டு; பின்னதைத் தஞ்சை சரசுவதி மகால் 1952-ல் படங்களுடன் பதிப்பித்தது. ஆயினும் பழம்பெருமை மட்டும் குதிரையைப் பிழைப்பிக்காது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரசன் வருஷந்தோறும் ஹார்மஸ் முதலிய இடங்களிலிருந்து இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளைப் பெரும் பொன் கொடுத்து வாங்கினான் என்றும், வருஷ முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதி வைத்தார். குதிரைகளைப் பேணத் தெரிந்த ஆட்களை இந்நாட்டுக்கு வர விடாமல் வியாபாரிகளே தடுத்தார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு விலை! நரியைப் பரியாக்கிய திருவிளையாடல் நடந்த நாட்டில், பரியைப் பிணமாக்கும் வியாபாரமும் நடந்திருக்கிறது. பிறருடைய அறியாமையில் லாபம் காண்பவர்கள் எக்காலத்திலும் உண்டு.

இப்போதைய நிலைமை என்ன? பரீட்சை இருக்கிறது, பரீட்சைக்குப் பிராணியைக் கொண்டுவருவோர் இல்லை. இதில் குதிரைக்காரனைக் குற்றம் சொல்வது சுலபம். அவன் நிலையில் நின்று பாருங்கள். மூக்கில் சளி வடிகிறது. டாக்டரிடம் காட்டினால் ரத்தம் எடுப்பார்கள். ரத்தம் வெகுதூரம் போய்வரும். அதுவரை வேலை நிற்கும். கிளாண்டர்ஸ் என்று முடிவானால் பிராணியைக் கொன்று ஆழக் குழிதோண்டிப் புதைத்துவிடுவார்கள். கொடுக்கப்படும் நஷ்டஈடு சந்தை விலைக்கு ஈடாகாவிட்டால், அல்லது கைக்கு வந்துசேர மாதக்கணக்காகுமானால், அவன் என்ன செய்வான்? இரவோடிரவாக அடுத்த ஜில்லாச் சந்தைக்கு ஓட்டிப்போய் வந்த விலைக்கு விற்றுவிடுவான். நோய் இருந்த இடத்தில் நின்றிருந்தால் ஒரு லாயத்தோடு போகும். ஓடினால் ஒரு மாகாணத்தையே பிடிக்கும். ஆகவே நஷ்டஈட்டுப் பணத்தைச் சர்க்கார் தர்மச் செலவாகக் கருதுவது தவறு. உஷ்ணமானி, மல்லின், எலைசா இவற்றைப் போல் அதுவும் நோய் கண்டுபிடிக்கும் கருவிகளில் ஒன்று என்பதே நமது அபிப்பிராயம்.

யாத்திரைக் காலத்தில் ஓய்வு கொடுக்கப்படும் பிராணிகளுக்கும் இது பொருந்தும். யாத்ரிகர்களிடம் வசூலிக்கும் குதிரைக் கட்டணத்தில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, ஜுரம் கண்ட பிராணியின் சொந்தக்காரனுக்கு ஓய்வு நாட்களுக்கு அரைக் கூலியாவது கொடுக்கலாம். அப்படிச் செய்தால் அவனே இருமும் குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு வைத்தியர் வாசலில் வந்து நிற்பான். மலையடிவாரத்தில் ஒரு பரிசோதனைச் சாலையும், தனித்தனி வாளியில் தண்ணீரும், நோயுற்றவைகளுக்குக் காற்றோட்டமான தனி லாயமும் அமைப்பதற்கு ஆகும் செலவு, ஒரு நாள் யாத்திரை நின்றால் ஏற்படும் நஷ்டத்தைவிட அதிகமாயிராது.

தமிழ் நாட்டார் இதில் அக்கறை கொள்ளக் காரணமில்லையென்று எண்ண வேண்டாம். சென்னை வெடரினரி கலாசாலை 1903-ல் சைதாப்பேட்டையில் தோன்றியது. நாட்டிலேயே முதன்முதலாக இச்சாஸ்திரத்தில் பட்டம் அளித்த பெருமை அதற்குண்டு. செங்கற்பட்டு ஜில்லா இருளர்கள் பிடிக்கும் பாம்புகளின் விஷத்தைக் குதிரைக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அதன் ரத்தத்திலிருந்தே பாம்புக்கடி மருந்து தயாராகிறது. வயலில் பாம்பு தீண்டிய குடியானவன் பிழைப்பதும் ஒரு குதிரையின் ஆரோக்கியத்தில்தான் இருக்கிறது. அக்கலாசாலையிலிருந்து வெளிவரும் வாலிபர்களில் சிலரேனும் சூளைகளுக்கும் சந்தைகளுக்கும் சென்று, வாரத்திற்கொருமுறை அங்குள்ள பிராணிகளின் உஷ்ணத்தை எடுத்து, தாடைக்கடியில் கைவைத்துப் பார்த்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வருவதற்கு ஏற்பாடு செய்யும்படி மாகாண சர்க்காரைக் கேட்டுக்கொள்கிறோம். சந்தை கூடும் நாட்களில் ஆரம்பிக்கலாம். அன்றைக்குத்தான் பிராணிகளும் சொந்தக்காரர்களும் ஒரே இடத்தில் கிடைப்பார்கள்.